குர்லாவின் இரும்புத் தெருவில் மூன்று நாட்கள்

மும்பையில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குர்லா என்றவுடன் நினைவில் எழுவது லோக்மான்ய திலக் டெர்மினஸ் இரயில் நிலையமே. ஊரிலிருந்து வருகிற உறவினரை எதிர்கொண்டு அழைக்கவும், கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை வழியனுப்பவும் அங்கே சென்றுவராத குடும்பம் நம்மில் அரிது. அதே குர்லாவின் மேற்குப் புறத்தில், எல்.பி.எஸ். சாலையிலிருந்து பிரிந்து கலினாவை நோக்கிச் செல்லும் சி.எஸ்.டி. சாலையை ஒட்டி, நாம் அதிகம் கவனியாத இன்னொரு உலகம் இருக்கிறது. அது பழைய வாகனங்களின் உலகம்.

கடைவாசல்களில் கார்க் கதவுகள் புத்தகங்களைப்போல் நிமிர்த்தி அடுக்கப்பட்டிருக்கும். பம்பர்கள் கயிற்றில் தொங்கும். ஒரு கடையில் ஸ்டியரிங் சக்கரங்கள் மட்டும். அடுத்ததில் விளக்குகள் மட்டும். அதற்கடுத்த சந்தில் கறுத்துப்போன ஸ்பிரிங் பட்டைகள் மலைபோல் குவிந்து கிடக்கும். ஓடி முடிந்த வாகனங்கள் இங்கே உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்பட்டு, ஓடிக்கொண்டிருக்கும் வாகனங்களுக்கு ஆயுள் கொடுக்கின்றன. புதிய வாகனம் வாங்க வசதியுள்ளவர்கள் இந்தத் தெருவுக்கு வரவேண்டிய அவசியமில்லை. பழையதை எப்படியாவது ஓட வைத்தாக வேண்டும் என்கிறவர்களே இங்கே வருகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரு ஜனவரி மாதத்தில் மூன்று நாட்கள் இந்தத் தெருவில் இருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

வீடாக மாறிய வண்டி

தாராவியில் வசிக்கும் நம் சபை அண்ணாச்சி ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவர். சிறு லாரியின் சேசிஸ்மேல் கட்டப்பட்ட ஒரு பழைய டீசல் வேனைப் பல ஆண்டுகளுக்குமுன் வாங்கினார். உள்ளே இரண்டு படுக்கைகள், ஒரு சிறிய சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, திரை மறைத்த கழிப்பிடம் ஆகியவற்றை அமைத்தார். வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதையும் முறைப்படி பெற்றுப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றியிருந்தார். இக்காலத்தில் ‘மோட்டார் ஹோம்’ என்றும் ‘கேரவன்’ என்றும் சொல்லுகிறார்களே, அதுதான். அவர் வீட்டார் அதை ‘வீட்டு வண்டி’ என்பார்கள்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் அந்த வண்டி ஊருக்குப் போகும். மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குச் சாலைவழியே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். அண்ணாச்சியின் தாயாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தபின் அவர்களால் நெடுநேரம் உட்கார இயலாது. இரயிலின் படிகளில் ஏறவும் இறங்கவும் முடியாது. படுத்தபடியே ஊர்போய்ச் சேர அவர்களுக்கு இருந்த ஒரே வழி இந்த வண்டிதான். பெருந்தொற்றுக் காலத்தில் பயணம் நின்றுபோனது. வண்டி மாகிம் கழிமுகத்துக்கு அருகே திறந்த வெளியில் தொடர்ந்து மூன்று மழைக்காலங்கள் நின்றது. பிறகு எடுத்துப் பார்த்தபோது வண்டியின் பின்பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடது ஸ்பிரிங்கில் ஒரு பட்டை முறிந்திருந்தது. சஸ்பென்ஷனின் போல்ட்டுகள் அனைத்தும் துருவினால் ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தன.

முதலில் பார்த்த பணிமனையில், “இதைக் கழற்ற முடியாது, பழைய இரும்புக்குப் போடுங்கள்” என்று கைவிரித்துவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் பழைய வாகனங்களை அழிக்கும் தேசியக் கொள்கை தொடங்கப்பட்ட பிறகு அந்த ஆலோசனையைச் சொல்லுவது எல்லாருக்கும் எளிதாகிவிட்டது. “ஐயா, வண்டி போனால் போகட்டும். ஆனால் அம்மா இந்த மே மாதம் ஊரைப் பார்க்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்” என்று அண்ணாச்சி சொன்னார். அந்த ஒரு வார்த்தையின் நிமித்தமே நாங்கள் குர்லாவுக்குப் போனோம்.

துருவை அறிந்த ஊர்

துருவைக் கழற்றுவதில் குர்லாவுக்கு இவ்வளவு தேர்ச்சி வரக் காரணம் உண்டு. மும்பை மூன்று பக்கமும் கடல்நீர் சூழ்ந்த நகரம். காற்றிலேயே உப்பு கலந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பொழிகிறது. இரும்பும் ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு அதைப் பலமடங்கு விரைவாக்கும். விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரால் உண்டாகி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி மாகிம் கழிமுகத்தில் கலக்கும் மித்தி நதி இந்தக் குர்லா வழியாகவே செல்லுகிறது.

2005 ஜூலை 26-ஆம் தேதியை மும்பைவாசிகள் யாரும் மறக்க மாட்டார்கள். அன்று 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி கரைபுரண்டது. குர்லாவும் கலினாவும் மூழ்கின. எங்களுக்கு வேலை செய்த தலைமை மெக்கானிக்கை அத்தெருவில் யாவரும் ‘உஸ்தாத்’ என்றே அழைக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து இளைஞராக வந்து, இதே சந்தில் முதுமையை எட்டியவர். “அந்த வெள்ளத்துக்குப் பிறகு பல மாதங்கள் எனக்கு ஒரே வேலைதான், சாப். தண்ணீர் குடித்த வண்டிகளைக் கழற்றுவது. துருவின் குணத்தை அப்போதுதான் முழுமையாகக் கற்றேன்” என்றார்.

துருவின் குணம் என்ன? இரும்பு துருவாகும்போது, தான் முன்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளுகிறது. போல்ட்டுக்கும் அது நுழைந்திருக்கும் துளைக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. அங்கே துரு பருக்கும்போது வெளியேற வழியில்லாமல் இரண்டையும் நெருக்கி, ஆப்பு அடித்ததுபோல் இறுக்கிவிடுகிறது. ஆகையால் துருப்பிடித்த போல்ட்டை வெறும் பலத்தால் திருப்பினால், துரு விடுவதற்கு முன்னே போல்ட்டின் தலை முறிந்துவிடும். பலத்தைப் பிரயோகிப்பதற்கு முன் அந்தத் துருவை இளக்க வேண்டும். அல்லது அது பற்றியிருக்கும் துளையை விரிக்க வேண்டும். உஸ்தாத் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் இதுவே அடிப்படை.

கழற்றுவதற்கு முன் ஒரு வாரம்

வண்டியை முதன்முறை காட்டியபோது உஸ்தாத் ஸ்பானரைத் தொடவே இல்லை. அடியில் படுத்துக் கம்பித் தூரிகையால் ஒவ்வொரு போல்ட்டின் மரையையும் சுரண்டிச் சுத்தம்செய்தார். துருவிளக்கும் எண்ணெய் ஒரு குப்பியை அண்ணாச்சியின் கையில் கொடுத்து, “ஒரு வாரம், காலையும் மாலையும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் விடுங்கள். விட்டபின் சுத்தியலால் மெதுவாகப் பத்துமுறை தட்டுங்கள். பிறகு வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்.

எண்ணெய் மேலே மட்டும் இருந்தால் பயனில்லை. உள்ளே இறங்க வேண்டும். தட்டும்போது உண்டாகும் அதிர்வு, துருவில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. அவற்றின் வழியே எண்ணெய் உட்புகுகிறது. கடையில் விற்கும் எண்ணெய் கிடைக்காவிட்டால் டீசலும் மெல்லிய இன்ஜின் ஆயிலும் கலந்து விடுவது நம் நாட்டுப் பணிமனைகளில் பழைய வழக்கம். எந்த எண்ணெயானாலும் அது வேலைசெய்ய அவகாசம் வேண்டும். ஐந்து நிமிடத்தில் பலனை எதிர்பார்க்கிறவர்கள்தாம் போல்ட்டை முறிக்கிறார்கள்.

முதல் நாள்: தாங்குதலும் தட்டுதலும்

குறித்த நாளில் வண்டி சந்துக்குள் வந்தது. வீட்டு வண்டியில் மற்ற வாகனங்களில் இல்லாத ஆபத்துகள் உண்டு. ஆகவே முதலில் சமையல் எரிவாயு உருளை இறக்கப்பட்டுத் தொலைவில் வைக்கப்பட்டது. தண்ணீர்த் தொட்டி காலியாக்கப்பட்டது. மெத்தைகளும் திரைகளும் வெளியேறின. பேட்டரியின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பிளைவுட்டும் பஞ்சும் திரைச்சீலையும் நிறைந்த வண்டியின் அடியில் நெருப்புப்பொறி பறக்கும் வேலை செய்யப்போகிறோம் என்பதை உஸ்தாத் ஒரு நிமிடமும் மறக்கவில்லை. இரண்டு வாளி மணலும் தண்ணீரும் அருகே வைத்த பிறகே வேலை தொடங்கியது.

அடுத்து, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டைகள் வைக்கப்பட்டன. பின்பகுதி ஜாக்கியால் உயர்த்தப்பட்டு, சேசிஸின் இரு கைகளுக்கும் கீழே கனத்த இரும்பு ஸ்டாண்டுகள் நிறுத்தப்பட்டன. ஆக்சில் தனியாக வேறொரு ஜாக்கியில் தாங்கப்பட்டது. “ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியை நம்பி அடியில் படுத்தவர்களில் சிலர் திரும்ப எழுந்திருக்கவில்லை” என்று தம் கையாளான இளைஞனுக்கு உஸ்தாத் சொன்னது எனக்கும் பாடமாயிற்று.

வாசகர்களுக்கு அந்த அமைப்பைச் சற்று விளக்குவது நலம். இத்தகைய வண்டிகளின் பின்புறத்தில் இருபக்கமும் வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இந்திக்காரர்கள் இதைக் ‘கமானி’ என்பார்கள். மேற்பட்டையின் இரு முனைகளும் வளையங்களாகச் சுருட்டப்பட்டிருக்கும். முன் வளையம் சேசிஸின் பிராக்கெட்டில் ஒரு போல்ட்டால் பிணைக்கப்படும். பின் வளையம் ‘ஷேக்கிள்’ என்னும் ஊசலாடும் துண்டில் பிணைக்கப்படும். பாரம் ஏறும்போது வில் நிமிர்ந்து நீளும். நீளுவதற்கு இடங்கொடுக்கவே அந்த ஷேக்கிள். நடுவில் யூ வடிவ போல்ட்டுகள் வில்லை ஆக்சிலோடு கட்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று போல்ட்டுகள், இருபக்கமும் ஆறு. யூ போல்ட்டுகள் நான்கு. எங்கள் மூன்று நாள் போராட்டம் இந்தப் பத்து இரும்புகளோடுதான்.

யூ போல்ட்டுகளைக் காப்பாற்ற உஸ்தாத் முயலவே இல்லை. அவை ஒருமுறை இறுக்கப்பட்டு நீண்டவை. மறுபடி உபயோகிக்கத் தகாதவை. கிரைண்டரால் அறுத்து எறிந்தார். மீந்த ஆறிலும் மிகுந்த பொறுமை காட்டினார். நட்டின் ஆறு முகங்களையும் ஒருங்கே பற்றும் சாக்கெட்டை மாட்டினார். இருமுகம் மட்டும் பற்றும் திறந்த ஸ்பானர் மூலைகளைத் தேய்த்து நட்டை உருண்டையாக்கிவிடும். நீண்ட பைப் ஒன்றைக் கைப்பிடியில் செருகி, முதலில் இறுக்கும் திசையில் சிறிது அழுத்தினார். ‘டக்’ என்று ஓர் ஓசை. துரு உடைந்த ஓசை அது. பிறகு கழற்றும் திசையில் கால் சுற்று, மறுபடி இறுக்கும் திசையில் அரைக்கால் சுற்று, ஒரு சொட்டு எண்ணெய். இப்படியே முன்னும் பின்னுமாக. மாலைக்குள் ஆறு நட்டுகளில் நான்கு கழன்றன.

இரண்டாம் நாள்: நெருப்பும் மெழுகும்

மீந்த இரண்டும் அசையவில்லை. அவற்றுக்கு நெருப்பு தேவைப்பட்டது.

எஃகு ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் தன் அளவில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரிகிறது. 20 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டை 300 டிகிரி சூடேற்றினால் அத்துளை சுமார் 0.07 மில்லிமீட்டர் அகலும். தலைமயிரின் தடிமன்தான். ஆனால் துரு பற்றியிருக்கும் இடமும் அவ்வளவுதானே! சூடு நட்டுக்குத்தான் ஏற வேண்டும், போல்ட்டுக்கு அல்ல. இரண்டும் சேர்ந்து சூடானால் இரண்டும் சேர்ந்தே விரியும், பயனில்லை. ஆகவே உஸ்தாத் கேஸ் வெல்டிங் சுடரைக் கூராக்கி, நட்டை மட்டும் சுற்றிச்சுற்றிக் காட்டினார். பிறகு சுடரை விலக்கி, ஒரு சாதாரண மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொட்டார். உருகிய மெழுகு உள்ளே உறிஞ்சப்பட்டது. சற்றுப் பொறுத்துச் சாக்கெட்டை மாட்டித் திருப்பினார். நேற்று பைப்பையே வளைத்த நட்டு, இன்று அடங்கிக் கழன்றது.

நெருப்பைத் தொடுமுன் அவர் செய்தவற்றையும் எழுத வேண்டும். ஒரு வாரமாக விட்ட எண்ணெயைத் துணியால் துடைத்தெடுத்தார்; அது தீப்பற்றும். பிரேக் குழாயும் டீசல் தொட்டியும் எங்கே என்று பார்த்து, நடுவில் தகரத் தகடு நிறுத்தினார். வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷைச் சுற்றி ஈரத்துணி கட்டினார். ரப்பர் எரிந்தால் வரும் புகை நச்சு. ஸ்பிரிங் பட்டையின்மேல் சுடர் படவே விடவில்லை. எஃகுப் பட்டைக்கு வில்லின் தன்மையைக் கொடுப்பது அதைச் சூடேற்றிப் பதப்படுத்திய முறையே. சிவக்கும் அளவு மறுபடி சூடேறினால் அந்தப் பதம் போய்விடும். பார்வைக்கு நன்றாக இருக்கும், பாரம் ஏறும் ஒருநாளில் நடுவழியே முறியும்.

நட்டுகள் ஆறும் கழன்றன. போல்ட்டுகள் இன்னும் உள்ளேதான். மரை சிதையாதபடி பழைய நட்டு ஒன்றை முனையில் பாதி ஏற்றி, அதன்மேல் பித்தளைத் துண்டை வைத்து அடித்தார். ஐந்து போல்ட்டுகள் வெளியேறின. ஆறாவது, இடதுபக்க முன் பிராக்கெட்டில் இருந்தது, சற்றும் அசையவில்லை. திருப்பினால் திரும்புவதுபோல் தோன்றும். விட்டால் பழைய நிலைக்கே வரும். போல்ட் ரப்பர் புஷ்ஷின் உட்புற இரும்புக் குழலோடு ஒட்டிவிட்டது என்றும், திருப்பும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்ப இழுக்கிறது என்றும் உஸ்தாத் விளக்கினார். இருட்டிவிட்டது. “போதும். களைத்த கையால் அடிக்கிற அடி தவறான இடத்தில்தான் விழும்” என்று கருவிகளைக் கழுவி வைத்தார்.

அன்று பிற்பகல் நானும் அண்ணாச்சியும் தெருவில் ஷேக்கிள் தேடிப் போனோம். பழைய ஷேக்கிள்களின் துளைகள் துருவினால் அகன்றுபோயிருந்தன. மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்த முதல் கடைக்காரர் தலையசைத்து மூன்றாம் சந்தைக் காட்டினார். அங்கிருந்தவர் ஒரு சிறுவனை அனுப்பினார். ஒரு மணி நேரத்துக்குள் அதே அளவில், துளை கெடாத ஒரு ஜோடி எங்கள் கைக்கு வந்தது. பட்டியலும் கணினியும் இல்லாமல், எந்தச் சந்தில் எந்த இரும்பு கிடக்கிறது என்பதைத் தெரு முழுவதும் மனப்பாடமாக வைத்திருக்கிறது. ஆனால் உஸ்தாத் எங்களுக்கு ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: “ஷேக்கிள் பழையது வாங்கலாம், நான் பார்த்துச் சொல்லுகிறேன். போல்ட், நட்டு, புஷ், யூ போல்ட், ஸ்பிரிங் இவை புதிதாக மட்டுமே.”

மூன்றாம் நாள்: அறுப்பும் தீர்ப்பும்

ஆறாவது போல்ட்டை அறுப்பதென்று முடிவாயிற்று. எங்கே அறுப்பது என்பதில்தான் ஞானம் வேண்டும். போல்ட் போகலாம், புஷ் போகலாம், முறிந்த பட்டையும் போகலாம். சேசிஸோடு ரிவெட் செய்யப்பட்ட பிராக்கெட் போகக்கூடாது; அது கெட்டால் வேலை பத்து மடங்காகும். பிராக்கெட்டுக்கும் ஸ்பிரிங் வளையத்துக்கும் நடுவே ஒரு விரல்நுனியளவு இடைவெளி இருந்தது. அதற்குள் வாளை நுழைத்து, ஒரு பக்கத்தையும் பிறகு மறுபக்கத்தையும் கைவாளாலேயே அறுத்தார்கள். கிரைண்டர் விரைவாக அறுக்கும்; ஆனால் கை சற்று விலகினால் பிராக்கெட்டைக் கீறிவிடும். உஸ்தாதும் அந்த இளைஞனும் மாறிமாறி ஒன்றரை மணிநேரம் அறுத்தார்கள். முடிவில் ஸ்பிரிங் கட்டு முழுவதும் தரையில் இறங்கியது. பிராக்கெட்டில் ஒரு கீறலும் இல்லை.

ஆயினும் அதன்பின் வந்த நிமிடங்களே அந்த மூன்று நாட்களில் மிகக் கடினமானவை. ஸ்பிரிங் இறங்கியதால், அதுவரை மறைந்திருந்த சேசிஸின் பகுதி வெளிப்பட்டது. அதன்மேல் துரு அடுக்கடுக்காக உரிந்து நின்றது. உஸ்தாத் வேலையை நிறுத்தி அண்ணாச்சியை அருகே அழைத்தார். “இதுவரை செய்ததற்கு இதுதான் தீர்ப்பு. இந்த இரும்பு உள்ளே தின்னப்பட்டிருந்தால், நான் புது ஸ்பிரிங் மாட்ட மாட்டேன். எவ்வளவு கொடுத்தாலும் மாட்ட மாட்டேன். தாயாரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகிற வண்டி இது” என்றார். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

துருவைச் சுரண்டினார்கள். ஓடு ஓடாக விழுந்தது. பிறகு சிறிய சுத்தியலால் சேசிஸ் முழுவதையும் விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். தின்னப்பட்ட இரும்பு மண்பானைபோல் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடங்களில் கூரிய கம்பியால் அழுத்திக் குத்தினார். கம்பி எங்கும் இறங்கவில்லை. மேலே பார்வைக்குப் பயங்கரமாக இருந்த துரு, ஆழமாகப் போகவில்லை. தடிமனை அளவுகோலால் அளந்து, சரியென்று கண்ட பிறகே, “மாட்டலாம்” என்றார். அண்ணாச்சி திரும்பி நின்று கண்களைத் துடைத்துக்கொண்டார்.

புது ஸ்பிரிங் ஒரு பக்கத்துக்கு மட்டுமல்ல, இருபக்கமும் ஜோடியாக மாட்டப்பட்டது; ஒன்று புதியதும் ஒன்று பழையதுமானால் வண்டி நிமிர்ந்து நில்லாது. சேசிஸுக்குத் துருத்தடுப்பு வர்ணம் பூசப்பட்டது. போல்ட்டுகள் கிரீஸ் தடவி நுழைக்கப்பட்டன. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி உயரத்தில் இருக்கும்போது உஸ்தாத் இறுக்கவில்லை; சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் பாரம் ஸ்பிரிங்கின்மேல் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்கினார். உயரத்தில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். “சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்” என்று சொல்லியனுப்பினார்.

பழைய வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

அன்பான வாசகர்களே, நம்மில் அநேகர் பழைய வேன்களையும் டெம்போக்களையும் நம்பிப் பிழைக்கிறவர்கள். அந்த மூன்று நாட்களில் கற்றவற்றை உங்களுக்காகத் தொகுத்துச் சொல்லுகிறேன்.

கடற்கரை நகரத்தில் இருப்போர் மழைக்காலம் முடிந்ததும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்துங்கள். மேலே மட்டும் கழுவுவது அழகுக்கே உதவும். வண்டி ஓடாவிட்டாலும் மாதம் ஒருமுறை அசைத்து நிறுத்துங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில் புதிய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை ஏற்றுங்கள். அடைபட்ட நிப்பிளை அப்படியே விட்டால் உள்ளே துரு குடியேறும்.

கழற்ற வேண்டிய நாள் தெரிந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே எண்ணெய் விடத் தொடங்குங்கள். எதைக் காப்பாற்ற வேண்டும், எதை இழக்கலாம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். எண்ணெய், அதன்பின் முன்னும் பின்னுமான திருப்பம், அதன்பின் நெருப்பு, கடைசியில் அறுப்பு என்ற வரிசையை மாற்றாதீர்கள். நெருப்பு வேலையை அனுபவமுள்ளவர் கையில் மட்டும் ஒப்புவியுங்கள். எரிவாயு உருளை உள்ள வண்டியில் வீட்டிலேயே முயலவேண்டாம். சேசிஸ் கெட்டுவிட்டது என்று நேர்மையான மெக்கானிக் சொன்னால் அதற்குச் செவிகொடுங்கள். அப்படிப்பட்ட வண்டியை விட்டுவிடுவதே அதில் பயணம் செய்வோருக்குச் செய்யும் நன்மை.

அந்த மே மாதத்தில் வீட்டு வண்டி புனே, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை வழியாக ஐந்து நாட்களில் ஊர்போய்ச் சேர்ந்தது. தாயார் வழிநெடுகப் படுத்தபடியே சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போனார்களாம். கயத்தாறு தாண்டியதும் தம்மை எழுப்பி உட்காரவைக்கச் சொன்னார்களாம்.

குர்லாவில் அந்தச் சந்து இன்றும் அப்படியே ஒலித்துக்கொண்டிருக்கிறது. மும்பையின் கறுப்பும் மஞ்சளுமான பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு சாலையைவிட்டு விலகின. இன்னும் பல பழைய வாகனங்கள் விலகும், விலகத்தான் வேண்டும். ஆனால் கழற்ற முடியாது என்று ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் ஒரு வாரம் எண்ணெய்விட்டு, மூன்று நாள் உழைத்துக் கழற்றும் தொழில் அங்கே இருக்கிறது. அறுத்தெடுத்த ஆறாவது போல்ட்டை உஸ்தாத் அந்த இளைஞனிடமே கொடுத்து, ஆணியில் மாட்டிவைக்கச் சொன்னார். அந்தச் சுவரில் அப்படிப்பட்டவை ஏற்கெனவே அநேகம் தொங்குகின்றன.